பெரியவரை முந்தாத சைக்கிள்

லிஃப்டில் எட்டுப் பேர் ஏறலாம் என்று பலகையில் எழுதியிருந்தது. ஐந்தாவது ஆள் காலை உள்ளே வைத்ததுமே எடை அதிகம் என்று மணி அடிக்கத் தொடங்கியது. பொதுப் பயன் கருவிகள் வடிவமைப்புத் துறையின் மேலதிகாரிகள் இந்தப் பிரச்சினையை மிகுந்த பொறுப்புணர்வோடு பரிசீலித்து, முதற்கட்ட நடவடிக்கையாக மணியைக் கழற்றினார்கள். அதன் பிறகு லிஃப்ட் மணி அடிக்காமலேயே இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர் துறையின் இயக்குநர். அலுவலகத்தில் அவரைப் பெரியவர் என்பார்கள். பதவியிலும் பெரியவர், சுற்றளவிலும் பெரியவர். அவரை வெளியே எடுக்கக் கதவைக் கழற்றியது போதாமல் பக்கத்துச் சுவரையும் கொஞ்சம் இடிக்க வேண்டியிருந்தது.

மறுநாளே ஆணை பிறந்தது. "ஊழியர்களின் உடற்பருமன் அலுவலகக் கட்டடத்துக்கு ஊறு விளைவிக்கும் நிலையை எட்டியிருப்பதால், வெளியே ஓட்டவும் உள்ளே நிறுத்தி மிதிக்கவும் ஏற்ற, பெடலால் இயங்கும் உடற்பயிற்சி மிதிவண்டி ஒன்றைக் காலதாமதமின்றி வடிவமைக்குமாறு இதன்மூலம் பணிக்கப்படுகிறது."

அந்தத் துறையில் வடிவமைப்பாளர் என்று ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்ற எல்லோரும் அவர் வடிவமைத்ததைத் திருத்துவதற்காக நியமிக்கப்பட்டவர்கள். நல்ல கைத்திறன் உள்ள மனுஷன், பாவம், அவர் வரைந்த எதுவும் வரைந்தபடி வெளியே போனதில்லை. பூங்காவுக்கு ஒரு பெஞ்சு வரைந்தார். சாய்வு இருந்தால் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள் என்று சாய்வை எடுத்தார்கள். சாய்வில்லாமல் உட்கார்ந்தால் முதுகு வலிக்கும் என்று உட்காரும் பலகையையும் எடுத்தார்கள். இப்போது பூங்காவில் நான்கு கால்கள் மட்டும் நிற்கின்றன. மூடி போட்ட குப்பைத்தொட்டி ஒன்று வரைந்தார். மூடியைத் திறந்தால் நாற்றம் அடிக்கிறது என்று அதற்குப் பூட்டுப் போட்டார்கள். சாவி துணை இயக்குநரிடம் பத்திரமாக இருக்கிறது.

"நான் ரிடையர் ஆகறதுக்குள்ள ஒரே ஒரு சாமானாவது நான் வரைஞ்ச மாதிரியே வெளிய வந்து பார்த்துடணும்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அது சும்மா சொல்கிற பேச்சில்லை. மனுஷனுக்கு உயிரே அதில்தான் இருந்தது.

ஆகவே சைக்கிள் ஆணை வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. சோறு தண்ணீர் மறந்து வரைந்தார். வந்த சைக்கிளும் லட்சணமாகத்தான் இருந்தது. பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு ஸ்டாண்டு. பக்கத்திலிருக்கும் கட்டையைக் காலால் தட்டினால் ஸ்டாண்டு இறங்கிச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கும். கூடவே ஒரு ரப்பர் உருளை வந்து டயரை அழுத்தும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது. உருளையை முறுக்க முறுக்க மிதிப்பது கனக்கும். மறுபடி தட்டினால் ஸ்டாண்டு மேலே போய்விடும், வண்டி கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடும். அவ்வளவுதான் சங்கதி, குழந்தைக்குக்கூடப் புரியும்.

முதல் வண்டியைச் சோதித்துப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி கூடத்தில் நிறுத்தி, டிவி பார்த்துக்கொண்டே மிதித்தாள். வெங்காயம் தீர்ந்துபோனது ஞாபகம் வந்து, கட்டையைத் தட்டிவிட்டு அப்படியே கடைக்குப் போய் வந்தாள்.

"ஏங்க, நெஜமாவே நல்லா இருக்குங்க" என்றாள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"நெஜமாவா?"

"ஆமாங்க. இதை உங்க ஆபீஸ்ல மட்டும் காட்டாதீங்க."

காட்டாமல் எப்படி இருப்பது? அதேபோல இன்னும் சில வண்டிகள் செய்து, வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்தார்கள். அலுவலக வளாகத்தைச் சுற்றி ஓடும் சாலைதான் பாதை. துணை இயக்குநர் முன்கூட்டியே வந்து, பதவி மூப்பு வரிசைப்படி எல்லோரையும் நிறுத்தினார். முதலில் பெரியவர், அவருக்குப் பின்னால் துணை, அப்புறம் கண்காணிப்பாளர் அம்மா, அப்புறம் மற்ற பிரிவினர், கடைசியில் வண்டியை உண்டாக்கிய நம் வடிவமைப்பாளர்.

பெரியவர் ஏறினார். சீட் முனகியது. இரண்டு மிதி மிதித்தார், மூச்சு வாங்கினார், பக்கத்து மரத்தைச் சற்று நேரம் பார்த்தார், மறுபடி ஒரு மிதி மிதித்தார். பின்னால் வந்தவர்கள் என்ன செய்வார்கள்? பெரியவரை முந்தக் கூடாது. முந்தாமல் ஓட்டினால் சைக்கிள் விழும். துணை இயக்குநர் பதவிக்குரிய கண்ணியத்தோடு இரண்டு பக்கமும் ஆடி ஆடிச் சமாளித்துப் பார்த்தார். கடைசியில் பெரியவரை முந்துவதா, முள்வேலியில் விழுவதா என்ற கேள்வி எழுந்தபோது, தயங்காமல் முள்வேலியைத் தேர்ந்தெடுத்தார். அவர் மேல் அடுத்தவர், அடுத்தவர் மேல் அதற்கடுத்தவர் என்று மூப்பு வரிசை குலையாமல் எல்லோரும் விழுந்தார்கள்.

பெரியவரைத் தவிர விழாதவர் கண்காணிப்பாளர் அம்மா ஒருவர்தான். சாலை சரிவாக இருந்த இடத்தில் அவர் வண்டி தானாகவே உருண்டு, பெரியவரைக் கடந்து, நிழலில் போய் நின்றது. வளாகமே மூச்சை அடக்கிக்கொண்டது. மறுநாள் விசாரணை நடந்தது.

"பெரியவரை முந்தினீங்களா?" என்று கேட்டார் துணை. அவர் முகத்தில் அங்கங்கே பிளாஸ்திரி.

"முந்தலை சார். சரிவுல வண்டி போயிடுச்சு."

"அதே சரிவுலதானே பெரியவரும் இருந்தாரு? அவர் வண்டி போகலையே."

"அவர் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே மிதிச்சாரு சார்."

"அதுக்குப் பேர்தான் அனுபவம். உங்களுக்கு அது இல்லைன்னு எழுதிக்கறேன்."

அப்புறம் வடிவமைப்பாளரைக் கூப்பிட்டார்கள். துணை இயக்குநர் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"உங்க வண்டியில ஒரு அடிப்படைக் கோளாறு இருக்கு" என்றார். "அதுக்கு யார் உட்கார்ந்திருக்காங்கன்னு தெரியலை. கிளார்க் மிதிச்சாலும் ஓடுது, பெரியவர் மிதிச்சாலும் ஓடுது. அப்புறம் நிர்வாகம்னு ஒண்ணு எதுக்கு?"

"சைக்கிள்னா அப்படித்தான் சார்."

"அப்போ மாத்துங்க. மிதிக்கறது எல்லாருக்கும் பொது, நகர்றது பதவிக்குத் தக்கபடி."

வடிவமைப்பாளர் அதைச் செய்ய முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் செய்ய முடியும் என்பது அவருக்கே தெரியும். பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரத்தில் பல்லைக் கூட்டக் கூட்ட வண்டி மெதுவாகும், பத்து மிதி மிதித்தாலும் ஒரு மிதி தூரம்தான் போகும். பதவி இறங்க இறங்கப் பல்லைக் கூட்டிக்கொண்டே போனால் தீர்ந்தது. தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வராது, அதுதான் அவர் செய்த பாவம்.

"முடியும் சார். ஆனா அவ்வளவு மெதுவாப் போனா வண்டி நிக்காது, சாஞ்சிடும்."

"சின்னப் பிள்ளைங்க சைக்கிள்ல ரெண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் வைப்பாங்களே, அதை வையுங்க."

வைத்தார். கண்காணிப்பாளர் அம்மாவும் மற்றவர்களும் குட்டிச் சக்கரத்தில் ஏறிப் போவது கௌரவக் குறைச்சல் என்று முணுமுணுத்தார்கள். உடனே அதற்கு மரியாதைச் சக்கரம் என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர் சூட்டியதும் வேறு சிக்கல் வந்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் மரியாதைச் சக்கரம் இருக்கும்போது தனக்கு மட்டும் ஏன் இல்லை என்று பெரியவர் கேட்டார். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டாகப் பொருத்தினார்கள்.

அப்படியும் பெரியவர் வண்டி நகர்வதாக இல்லை. கால் வலிக்கிறது என்றார். வடிவமைப்பாளர் சீட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு மோட்டார் வைத்தார். அது பெடலைச் சுற்றும், பெடல் பெரியவரின் காலைச் சுற்றும். ஆணையில் பெடல் என்ற சொல் இருந்ததால் பெடலை நீக்க அதிகாரம் இல்லை. வேகம் நடைவேகத்தைத் தாண்டக் கூடாது என்றும் பெரியவர் சொல்லிவிட்டார், அவருக்கு வேகம் என்றால் பயம். ஆகவே பின்னால் வருகிறவர்கள் நடைவேகத்துக்கும் கீழே போக வேண்டியதாயிற்று. காலையில் வளாகத்துச் சாலையில் பார்த்தால், பெரியவர் காலை வண்டியிடம் கொடுத்துவிட்டு ஆகாயம் பார்த்துக்கொண்டு போவார். பின்னால் ஒரு கூட்டமே தையல் மெஷின் மாதிரி காலை ஓட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகரும். கைப்பை வைத்துக்கொண்டு அந்த வழியாக நடந்துபோகிறவர்கள் இவர்கள் எல்லோரையும் தாண்டிப் போவார்கள். அவர்கள் இந்தத் துறையின் கட்டுப்பாட்டுக்குள் வராததால் அதைப் பற்றி ஒன்றும் செய்ய முடியவில்லை.

"சார், இதுக்கு நான் நடந்தே வந்துடறேனே" என்று கெஞ்சினார் கண்காணிப்பாளர் அம்மா. சரிவில் முந்திய குற்றத்துக்காக அவர் வண்டிக்குத்தான் இருப்பதிலேயே அதிகப் பல்.

"நடந்தா பெரியவரை முந்திடுவீங்க" என்றார் துணை.

இதெல்லாம் வெளி உபயோகம். உள் உபயோகத்துக்கு முதல் மாடி வராந்தாவில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்கள். நிற்கிற வண்டியில் யார் யாரை முந்துவது என்று வடிவமைப்பாளர் நிம்மதியாக இருந்தார். ஸ்டாண்டில் மிதித்த தூரத்தை மட்டும் காட்டும் மீட்டர் ஒன்று வண்டியில் இருப்பதை அவர் மறந்துவிட்டார். துணை இயக்குநர் மறக்கவில்லை.

"பெரியவர் மீட்டர் எவ்வளவு காட்டுது?"

"பூஜ்யம் சார். அவர் உள்ள வந்து மிதிக்கவே இல்லையே. எப்பவும் மீட்டிங்."

"மத்தவங்களோடது?"

"கூடத்தான் இருக்கும் சார்."

"பூஜ்யத்தைவிடக் கூட. அதாவது பெரியவரைவிடக் கூட. உங்களுக்கு உறைக்குதா இல்லையா?"

"பூஜ்யத்துக்குக் கீழ எப்படி சார் மிதிக்கிறது?"

துணை கண்ணை மூடி யோசித்தார். "பின்பக்கமா மிதிச்சா?"

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று வடிவமைப்பாளர் சிரிக்கப் போனார். எதிரில் இருந்த முகம் சிரிக்கிற முகமாக இல்லை. பின்பக்கம் மிதித்தாலும் சக்கரம் சுற்றும்படி செய்தார், மீட்டரில் கழித்தல் குறி போட்டார். மறுநாள் முதல் வராந்தாவில் ஊழியர்கள் வியர்வை சொட்டச் சொட்டப் பின்பக்கமாக மிதித்து, பூஜ்யத்துக்குக் கீழே கிலோமீட்டர் கிலோமீட்டராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் எங்கோ ஒரு கூட்டத்தில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே எல்லோருக்கும் முன்னால் இருந்தார்.

பிறகு மருத்துவப் பரிசோதனை நடத்தினார்கள். ஊழியர்கள் எல்லோரும் கரும்புச் சக்கை மாதிரி ஆகியிருந்தார்கள். பெரியவருக்குப் புதுச் சட்டை தைக்க வேண்டியிருந்தது. வந்த டாக்டர் துறையின் வழக்கம் அறிந்தவர். மீட்டரைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், பெரியவரின் உடற்பயிற்சி மிகச் சிறப்பு என்றும் மற்றவர்கள் இன்னும் முயற்சி செய்ய வேண்டும் என்றும் கருத்துத் தெரிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டத்தான் அவர்களுக்கு இன்னும் தெம்பு இருந்தது.

அன்று சாயங்காலம் வடிவமைப்பாளர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார்.

"என்னங்க, மறுபடியும் நாலு காலை மட்டும் நட்டுட்டாங்களா?" என்றாள் மனைவி. கேலி பேசினாலும் அவளுக்கும் மனசு கேட்கவில்லை. சூடாகக் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"இல்லம்மா. துணை ஒரு வாக்குக் குடுத்திருக்காரு. ஆபீஸ் வண்டியில என்ன மாத்தச் சொன்னாலும் பேசாம மாத்திக் குடுத்துட்டா, பொதுஜனங்களுக்கு விக்கிற வண்டியை நான் வரைஞ்சபடியே விடறாராம். ஒரு ஆணியைக்கூட மாத்த மாட்டாராம்."

"அதுக்காகத்தான் இத்தனையும் செஞ்சீங்களா?"

"அதுக்காகத்தான்."

"அப்போ சரிங்க" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். வேறு கேலி செய்யவில்லை.

துணை இயக்குநர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அதைச் சொல்லாவிட்டால் நமக்குத்தான் பாவம். பல்லும் இல்லை, குட்டிச் சக்கரமும் இல்லை, பின்பக்க மிதியும் இல்லை. வரைந்தது வரைந்தபடி, யார் மிதித்தாலும் ஒரே மாதிரி ஓடுகிற வண்டி கடைக்கு வந்தது. அதற்கு மேல், நம் ஆளுக்கு முதுநிலை வடிவமைப்பாளர் என்று பதவி உயர்வும் கிடைத்தது. அவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போய், ஒரு ஓரமாக நின்று, தன் வண்டியை ஜனங்கள் வாங்குவதைப் பார்க்கக் காத்திருந்தார்.

ஒருவர் வந்தார், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத் தலைவராம். வண்டியைத் தட்டிப் பார்த்தார். "ஆபீசர் மாடல் இல்லையா? பெரியவர் ஒருத்தர் குட்டிச் சக்கரம் வெச்சு ஓட்டறாரே, அது."

"இது அதைவிட நல்லா ஓடும் சார்" என்றார் கடைக்காரர்.

"எனக்கும் ஓடும், எங்க செயலாளருக்கும் ஓடும். அப்புறம் நான் எதுக்குத் தலைவர்?"

அடுத்தவர் மாமனார், மாப்பிள்ளையோடு வந்திருந்தார். இரண்டு வண்டி வேண்டும், ஆனால் மாப்பிள்ளை வண்டி கொஞ்சம் வேகமாக இருக்கட்டும், மரியாதை என்று ஒன்று இருக்கிறதே என்றார். மாப்பிள்ளை அடக்கமாகத் தலையாட்டினார். ஒரு பள்ளித் தலைமையாசிரியை உதவி ஆசிரியைகளுக்கு எத்தனை பல் வைக்கலாம் என்று விசாரித்தார். யார் மிதித்தாலும் ஒரே மாதிரி ஓடும் வண்டியை யாரும் சீந்தவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் துறையே ஆபீசர் மாடலைச் செய்து கொடுக்க ஆரம்பித்தது. ஊரில் கொஞ்சம் வசதியும் நாகரிகமும் உள்ளவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் குட்டிச் சக்கரம் தெரிய ஆரம்பித்தது. பின்பக்கமாக மிதிப்பது இடுப்புக்கு நல்லது என்று பேச்சுக் கிளம்பி, பூங்காவில் அந்த நான்கு கால்களைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாக நின்று மிதித்தார்கள். வடிவமைப்பாளரின் சொந்தத் தங்கையே அவர் வீட்டு மாடியிலேயே குடியிருந்துகொண்டு, ஆபீசர் மாடல்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினாள். மோட்டாரை மட்டும் கொஞ்சம் முடுக்கித் தரச் சொல்லி வாங்கியிருந்தாள்.

மக்களின் ஏகோபித்த விருப்பத்தை மதித்து, சாதாரண வண்டியைச் செய்வதைத் துறை நிறுத்திவிட்டது. கடையில் தேங்கிக் கிடந்தவற்றுக்கும் பல்லைக் கூட்டி விற்றார்கள். உலகத்தில் வரைந்தபடியே மிச்சமிருந்தது ஒரே ஒரு வண்டி. முதன்முதலில் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தது, மனைவி வெங்காயம் வாங்கப் போனது. வடிவமைப்பாளருக்கு அதைப் பார்த்தால் ஒரே சமயத்தில் சந்தோஷமாகவும் இருக்கும், துக்கமாகவும் இருக்கும். தினமும் துணி போட்டுத் துடைத்து வைப்பார்.

ஒரு விடுமுறை நாள் காலை, புருஷனும் பெண்சாதியும் தெருவில் சைக்கிள் விடக் கிளம்பினார்கள். அவருக்கு முதுநிலை வடிவமைப்பாளருக்கு உரிய வண்டி, இரண்டு பக்கமும் மரியாதைச் சக்கரம். அவளுக்கு அந்தப் பழைய வண்டி. தெருமுனை திரும்புவதற்குள் அவள் முன்னால் போய்விட்டாள். மணி அடித்தாள், திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள், அப்படியே போய்க்கொண்டிருந்தாள். இவர் கால் பறக்க மிதித்தும் பக்கத்து வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார், அம்மா முன்னாடி போயிட்டாங்க போல" என்றார். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னார்.

வடிவமைப்பாளருக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷமும் பெரியவரையும் துணையையும் பார்த்து மனசுக்குள் சிரித்த மனுஷன்தான். இருந்தாலும் அந்த வாசலில், செடிக்கு விட்ட தண்ணீர் காலில் தெறிக்க நின்றபோது, அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மனைவி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வியர்வையும் சந்தோஷமுமாகத் திரும்பி வந்தபோது அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"உன் வண்டியில ஏதோ கோளாறு இருக்கும்மா" என்றார்.

"இதுலயா? ஒரு குறையும் இல்லையே, காத்தாப் பறக்குது."

"அதான் சொல்றேன். ரொம்ப வேகமாப் போகுது. நாலு பேர் பார்க்கறாங்கல்ல?"

அவள் அவரையே பார்த்தாள். அப்புறம் அவர் வண்டியைப் பார்த்தாள், அதன் குட்டிச் சக்கரங்களைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. இப்போது ஒரு பாட்டம் திட்டுக் கிடைக்கும் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையில் அவர் உள்ளுக்குள் அதைத்தான் எதிர்பார்த்தார். அவள் நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டால் அந்த வண்டி தப்பித்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து மாடிவீட்டுத் தங்கை தன் ஆபீசர் மாடலில் வெளியே கிளம்பினாள். வண்டியே அவள் காலைச் சுற்ற, இரண்டு கையையும் விட்டுத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே, "அண்ணி, வரட்டுமா?" என்று அவர்களைத் தாண்டிப் போனாள்.

மனைவி அவள் தெருமுனையில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சரிங்க, என்னுதுல பல்லைக் கூட்டிக்கோங்க" என்றாள். "உங்களுக்குப் பின்னாடி வர்றதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா உங்க தங்கச்சி வண்டி என்னுதுக்குப் பின்னாடிதான் வரணும். அதை முதல்ல முடிச்சுட்டு அப்புறம் இதுல கை வையுங்க."

வடிவமைப்பாளர் உள்ளே போய் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தார். தினமும் துடைத்து வைத்த அந்தப் பின்சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தங்கச்சி வண்டிக்கு ரெண்டு பல் கூட்டினால் போதுமா, மூணு கூட்டட்டுமா என்று கேட்டார்.